தோட்டப் பிள்ளைகளின் போசாக்கு பற்றிய மீளாய்வு: கட்டுரைகளைச் சலித்தெடுக்க எந்த மென்பொருள்?

மஸ்கெலியா_மழை | சனி, இரவு 9.42

வணக்கம். முதுமாணிப் பட்டத்துக்காக ஒரு சிஸ்டமேட்டிக் ரிவியூ, அதாவது ஒரு தலைப்பில் வந்த ஆய்வுகளை எல்லாம் முறைப்படி தேடிச் சலித்துத் தொகுக்கும் மீளாய்வு, செய்துகொண்டிருக்கிறேன். தலைப்பு, பெருந்தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மந்தபோசணை. மருத்துவக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் தேடியபோது 64 கட்டுரைகள் வந்தன. மேற்பார்வையாளர் பட்டியலைப் பார்த்தார். "இதை எக்செல்லில் வைத்துக்கொண்டு திரியாமல் கொவிடன்ஸில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது மீளாய்வுக்கென்றே உள்ள மென்பொருள், அதன் சந்தா டொலரில். என் வங்கி அட்டை அதற்குச் சரிவராது. சரிவந்தாலும் கட்ட மனம் வராது.

என்னிடம் இருப்பது 4 ஜிபி லெப்டொப். பகலில் வேலை, இரவு ஒன்பதுக்குப் பிறகுதான் படிப்பு. மழை பிடித்தால் சிக்னல் போய்விடும், இது ஜூன் மாதம் வேறு. இரண்டாவது ஆளாகப் பார்த்துத்தர என் சித்தி மகள் ஒத்துக்கொண்டிருக்கிறாள், அவள் கொட்டகலையில் இருக்கிறாள். இலவசமாகவும் இரண்டு பேர் சேர்ந்து செய்யக்கூடியதாகவும் ஏதாவது உண்டா?

பைத்தன்_பண்டாரவளை | சனி, இரவு 10.05

அக்கா, ஏ.எஸ்.ரிவியூ எடுங்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் செய்தது. திறந்த மூலம், ஒரு சதம் செலவில்லை. ஒருமுறை இறக்கிவிட்டால் உங்கள் லெப்டொப்பிலேயே ஓடும், சிக்னல் தேவையில்லை. பொருத்தமான கட்டுரைகள் சிலவற்றையும் பொருத்தமில்லாத சிலவற்றையும் முதலில் காட்டுவீர்கள். மிச்சத்தில் எது பொருந்தும் என்று அது வரிசைப்படுத்தும். நீங்கள் சரி, இல்லை என்று சொல்லச் சொல்ல வரிசை மாறிக்கொண்டே வரும். தேவையானது மேலே வந்துவிடும், அடியில் கிடப்பதைப் பார்க்கவே வேண்டாம். 2021இல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் இதைப் பற்றிக் கட்டுரையே வந்திருக்கிறது.

பத்தனை_வாத்தியார் | ஞாயிறு, காலை 6.20

64 கட்டுரைக்கு மெஷின் எதற்கு தம்பி? ஒரு போயா (பௌர்ணமி) லீவில் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஆனால் எக்செல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பட்டவன் நான். தோட்டப் பாடசாலைகளில் இடைவிலகல் பற்றி ஒரு மீளாய்வு செய்தேன். 300க்கு மேல் வரிசைகள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் தலைப்பு இருக்கும் நிரலை மட்டும் தெரிவு செய்து அகர வரிசைக்கு மாற்றிவிட்டேன். தலைப்புகள் நகர்ந்துவிட்டன, பக்கத்தில் நான் போட்ட 'சேர்', 'தள்ளு' எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதைக் கவனிக்காமல் சேமித்தும் விட்டேன். நான்கு நாள் கழித்து, ஆபிரிக்காவின் கரும்புத் தோட்டம் பற்றிய ஒரு கட்டுரைக்கு 'சேர்' என்று இருப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூன்று வார வேலை. மனைவி கேட்டாள், "ஏன் இப்படி இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று.

எக்செல்தான் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் முதலில் ஓர் இலக்கம் போடுங்கள். தினமும் திகதி போட்டு ஒரு கொப்பி எடுத்து வையுங்கள்.

ஊவா_நூலகம் | ஞாயிறு, காலை 8.11

மென்பொருளுக்குப் பிறகு வருகிறேன். எனக்கு அந்த 64தான் உறுத்துகிறது. என்ன சொற்களைப் போட்டுத் தேடினீர்கள், மகள்?

மஸ்கெலியா_மழை | ஞாயிறு, காலை 8.30

டீ எஸ்டேட், ஸ்ரீலங்கா, மல்நியூட்ரிஷன். இந்த மூன்றும்தான் மிஸ், இடையில் 'அன்ட்' போட்டு.

ஊவா_நூலகம் | ஞாயிறு, காலை 9.47

நினைத்தேன். சரி, தேநீர் ஒன்று ஊற்றிக்கொண்டு வாசியுங்கள், கொஞ்சம் நீளம்.

நம்முடைய தோட்டத்து ஆட்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரே பெயரில் எழுதுவதில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் 'இந்தியன் தமிழ்'. சிலர் 'அப்கன்ட்ரி தமிழ்', சிலர் 'ஹில் கன்ட்ரி தமிழ்', அண்மையில் எழுதுகிறவர்கள் 'மலையகம்'. அந்த மலையகத்தையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுகிறார்கள், 'க' வருகிற இடத்தில் 'ஹ' போடுகிறவர்களும் உண்டு. 'இந்தியன் தமிழ்' என்று மட்டும் போட்டால் தமிழ்நாட்டு ஆய்வுகள் அத்தனையும் வந்து விழும், அதனால் நாட்டின் பெயருடன் சேர்த்தே தேட வேண்டும். 1972க்கு முந்தியவைக்கு நாட்டின் பெயரும் 'சிலோன்'. நுவரெலியாவை ஒரே சொல்லாகவும் எழுதுகிறார்கள், இரண்டு சொல்லாகவும், நடுவில் கோடு போட்டும் எழுதுகிறார்கள். 'எஸ்டேட்' தேட வேண்டும், 'பிளான்டேஷன்' தேட வேண்டும். இறப்பர்த் தோட்டத்துப் பிள்ளைகளும் உங்கள் தலைப்புக்குள் வருகிறார்கள், 'டீ' என்று போட்டு அவர்களை வெளியே தள்ளிவிட்டீர்கள். தோட்டத்தில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு 'கிரெஷ்' என்றும் இருக்கும், 'சைல்ட் டெவலப்மன்ட் சென்டர்' என்றும் இருக்கும்.

மந்தபோசணையும் அப்படித்தான். வளர்ச்சி குன்றல், மெலிவு, நிறை குறைவு என்று எழுதுகிறவர்கள் 'மல்நியூட்ரிஷன்' என்ற சொல்லையே தொட்டிருக்க மாட்டார்கள். இரத்தச்சோகையையும் எடுக்கிறீர்கள் என்றால் பிரித்தானிய எழுத்துக்கூட்டல் வேறு, அமெரிக்க எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே பொருளுள்ள சொற்களை எல்லாம், ஏதாவது ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லும் ஆங்கில 'ஓர்' (OR) போட்டு ஒரு கூட்டமாக்குங்கள். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில்தான் 'அன்ட்'.

இனி, எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை. நம் நாட்டுக் கணக்கெடுப்புகள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறையாகப் பிரித்துத்தான் எண்களைத் தருகின்றன. 2016 குடித்தொகை சுகாதார ஆய்வைப் பாருங்கள். வளர்ச்சி குன்றிய பிள்ளைகள் நாடு முழுவதற்கும் சுமார் 17 வீதம், தோட்டத் துறையில் சுமார் 32 வீதம். நாடளாவிய ஆய்வுகள் பலவற்றில் இந்தத் தோட்டக் கணக்கு உள்ளே மூன்றாம் அட்டவணையில் ஒரு வரியாகத்தான் இருக்கும். தலைப்பில் இருக்காது, சுருக்கத்திலும் இருக்காது. 'எஸ்டேட்' என்ற சொல்லைக் கட்டாயமாக்கித் தேடினால் அந்தக் கட்டுரைகள் ஒன்றுகூட அகப்படாது. ஆகவே தோட்டம் என்ற கூட்டத்தையே எடுத்துவிட்டு, இலங்கை, பிள்ளைகள், போசாக்கு என்ற மூன்றை மட்டும் வைத்துத் தேடுங்கள். அதிகம் வரும். வரட்டும்.

பப்மெட்டோடு நிற்க வேண்டாம். ஸ்கோப்பஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளத்துக்குச் சந்தா உள்ள நூலகத்துக்கு ஒருநாள் போய் இருந்து எடுத்து வாருங்கள். இலங்கை சஞ்சிகைகளின் இணையத்தளமான எஸ்.எல்.ஜோலில் கையால் தேடுங்கள், சிறுவர் நலச் சஞ்சிகை அதில்தான் இருக்கிறது. கூகுள் ஸ்கொலர் எத்தனை இலட்சம் என்று காட்டினாலும் முதல் ஆயிரத்துக்கு மேல் பார்க்க விடாது. அதைக் கடைசியில் ஒரு துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்தின் அறிக்கைகளையும் மறக்க வேண்டாம்.

ஹட்டன்_எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, பகல் 12.15

இவ்வளவு எதற்கு? ஏஐயிடம் கேட்டால் பட்டியலே தந்துவிடுமே. நான் போன மாதம் 12 கட்டுரை வாங்கினேன்.

பத்தனை_வாத்தியார் | ஞாயிறு, பகல் 12.22

பன்னிரண்டையும் திறந்து பார்த்தாயா?

ஹட்டன்_எக்ஸ்பிரஸ் | ஞாயிறு, பகல் 1.50

இப்போதுதான் பார்த்தேன் சேர். 5 கட்டுரை உலகத்திலேயே இல்லை. ஒன்றில் ஆசிரியர் பெயர் சரி, சஞ்சிகை சரி, கட்டுரைதான் அவர் எழுதாதது.

ஊவா_நூலகம் | ஞாயிறு, பகல் 2.05

ஒத்த சொற்களை யோசிக்க அதைக் கேட்கலாம், தவறில்லை. பட்டியலைக் கேட்கக் கூடாது. நாளைக்கு வேறொருவர் அதே தேடலைச் செய்து அதே எண்ணைப் பெற வேண்டும், அதுதான் இந்த வகை மீளாய்வின் அடிப்படையே. தேடிய வரியை எழுத்துப் பிசகாமல், திகதியோடு, ஒரு கோப்பில் எழுதி வையுங்கள்.

மஸ்கெலியா_மழை | அடுத்த வியாழன், இரவு 10.31

மிஸ், நீங்கள் சொன்னபடியே செய்தேன். பேராதனைக்குப் போய் ஸ்கோப்பஸும் எடுத்து வந்தேன். பப்மெட் 702, ஸ்கோப்பஸ் 815, கையால் தேடியது 46. மொத்தம் 1,563. எனக்குத் தலை சுற்றுகிறது. வாத்தியார் சேர் சொன்ன போயா லீவு போதாது.

பைத்தன்_பண்டாரவளை | வியாழன், இரவு 10.40

இப்போது சொல்லுங்கள், ஏ.எஸ்.ரிவியூ வேண்டுமா வேண்டாமா? 😀

லிந்துலை_கொழுந்து | வியாழன், இரவு 11.18

தங்கச்சி, முதலில் இரட்டைப் பதிவுகளை எடுத்துவிடுங்கள். கட்டுரை விபரங்களைச் சேர்த்து வைக்கும் ஸொட்டெரோ மென்பொருளை இறக்குங்கள், இலவசம். பப்மெட்டுக்கு ஒரு கோப்புறை, ஸ்கோப்பஸுக்கு ஒரு கோப்புறை என்று தனித்தனியாக ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை என்று ஏற்றிய உடனேயே கொப்பியில் எழுதுங்கள். நான் அதைச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டி இணைத்துவிட்டேன். கடைசியில், எத்தனை பதிவு வந்தது, எத்தனை தள்ளப்பட்டது என்று காட்டும் பிரிஸ்மா படம் வரையும்போது எந்தத் தளத்திலிருந்து எத்தனை வந்தது என்று தெரியாமல் எல்லாத் தேடலையும் மறுபடி செய்தேன். ஸொட்டெரோவின் இரட்டைப் பட்டியல் ஒவ்வொன்றாக இணைக்கச் சொல்லும், கை வலிக்கும். ஆனால் கண்ணால் பார்த்து இணைப்பதால் பிழை குறைவு. பி.டி.எஃப்களை அதன் இணையச் சேமிப்பில் ஏற்ற வேண்டாம், இலவசமாக 300 எம்.பி.தான். லெப்டொப்பிலேயே இருக்கட்டும்.

மிச்சத்தை ஆர்.ஐ.எஸ். என்ற மேற்கோள் கோப்பாக எடுத்து, சலிப்பதற்கான இணைய மென்பொருளான ரய்யானில் போடுங்கள். அது கட்டாரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உருவானது. இலவசக் கணக்கில் வைத்திருக்கக்கூடிய மீளாய்வுகளுக்கு வரம்பு உண்டு, உங்களுக்கு ஒன்று போதுமே. உங்கள் சித்தி மகளையும் உள்ளே அழைத்துக்கொள்ளலாம். மறைப்பைப் போட்டு வைத்தால் நீங்கள் என்ன முடிவு போட்டீர்கள் என்று அவருக்குத் தெரியாது, அவர் போட்டது உங்களுக்குத் தெரியாது. சேர்க்க உதவும் சொற்கள் பச்சையிலும் தள்ள உதவும் சொற்கள் சிவப்பிலும் தெரியும். அந்தப் பச்சையை மட்டும் பார்த்து வேகமாக அமத்திக்கொண்டே போகிற பழக்கம் வந்துவிடும், கவனம்.

அதற்கு சிக்னல் வேண்டும்தான். நான் வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்து டவுனிலேயே ஒரு மணித்தியாலம் இருந்து சலித்துவிட்டு வருவேன். வீட்டில் முழுக் கட்டுரைகளை வாசிப்பேன்.

பைத்தன்_பண்டாரவளை | வியாழன், இரவு 11.40

ரய்யான் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரத்தையும் இரண்டு பேர் முழுதாக வாசிப்பது வீண் வேலை. மெஷின் வரிசைப்படுத்தித் தரட்டும். தொடர்ந்து நூறு பதிவு பொருத்தமில்லாமல் வந்தால் நிறுத்திவிடலாம்.

ஊவா_நூலகம் | வெள்ளி, காலை 7.55

தம்பி, அந்த மென்பொருளை நானும் மாணவர்களுக்குக் காட்டுகிறேன். இருபதாயிரம் பதிவு வரும் தலைப்புகளுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அது எதைப் பார்த்துக் கற்கிறது? தலைப்பையும் சுருக்கத்தையும். இந்த மகள் தேடுவது எங்கே ஒளிந்திருக்கிறது? மூன்றாம் அட்டவணையில். 'எஸ்டேட்' என்று சுருக்கத்திலேயே சொல்லும் முப்பது கட்டுரையை அது முதல் நாளே மேலே கொண்டுவந்து தரும். பார்க்கச் சந்தோசமாக இருக்கும். பிறகு நூறு 'இல்லை' வரும், நிறுத்துவீர்கள். "நாடளாவிய மாதிரி, 2,000 பிள்ளைகள்" என்று மட்டும் சுருக்கத்தில் சொன்ன கட்டுரை 640ஆவது இடத்தில் கிடக்கும். சுருக்கமே இல்லாத பழைய பதிவுகள் அதற்கும் கீழே.

பைத்தன்_பண்டாரவளை | வெள்ளி, காலை 8.20

அப்படியானால் நாடளாவிய கட்டுரைகளையும் 'சரி' என்று ஆரம்பத்திலேயே காட்டினால் கற்றுக்கொள்ளுமே மிஸ்?

ஊவா_நூலகம் | வெள்ளி, காலை 8.48

கொஞ்சம் கற்கும். ஆனால் நாடளாவிய மாதிரி எடுத்த எல்லாக் கட்டுரையிலும் தோட்ட வரி இருப்பதில்லை. மாகாண வாரியாக மட்டும் பிரித்தவை உண்டு, துறையே காட்டாதவை உண்டு. இருக்கிறதா இல்லையா என்று சுருக்கத்தை வைத்து மனிதனாலேயே சொல்ல முடியாது. ஆகவே முதல் சலிப்பில் விதி இப்படி இருக்கட்டும்: இலங்கைப் பிள்ளைகளை அளந்திருக்கிறார்களா? ஆம் என்றால் உள்ளே. தோட்டக் கணக்கு உண்டா என்பதை முழுக் கட்டுரையில் பார்ப்போம். ஆயிரம் பதிவுக்கு இரண்டு பேர் போதும்.

உங்கள் மெஷினுக்கும் ஒரு வேலை தருகிறேன். இரண்டு பேரும் சலித்து முடித்த பிறகு அந்த முடிவுகளை அதற்குக் கொடுங்கள். தள்ளியவற்றில் எதை அது 'சேர்' என்று நினைக்கிறதோ, அந்த மேல் ஐம்பதைத் திரும்பப் பாருங்கள். அசதியில் தள்ளியது ஏதாவது இருந்தால் மாட்டும்.

பைத்தன்_பண்டாரவளை | வெள்ளி, காலை 9.02

சரி மிஸ். தோல்வியை அரைவாசி ஒப்புக்கொள்கிறேன். அக்கா, அந்தக் கட்டம் வரும்போது கோப்பை அனுப்புங்கள், நான் ஓட்டித் தருகிறேன்.

பேராதனை_பாலம் | வெள்ளி, பகல் 1.10

புள்ளிவிபரப் பக்கத்திலிருந்து சில விடயங்கள்.

ஸொட்டெரோவும் ரய்யானும் நீக்குவது இரட்டைப் பதிவை. ஒரே தரவை இரண்டு கட்டுரையாக எழுதியிருந்தால் அவற்றுக்குத் தெரியாது. 2016 ஆய்வின் தரவை எடுத்துப் பலர் பல கோணத்தில் எழுதியிருக்கிறார்கள். தலைப்பு வேறு, ஆசிரியர் வேறு, ஆனால் அளக்கப்பட்டவர்கள் அதே பிள்ளைகள்தான். எல்லாவற்றின் எண்களையும் ஒரே கணக்காகக் கூட்டும் மெட்டா அனலிசிஸ் செய்தால் அதே பிள்ளையை ஐந்து முறை எண்ணிவிடுவீர்கள். கட்டுரைகளிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் அட்டவணையில் 'தரவு எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு அளந்தது' என்று ஒரு நிரல் கட்டாயம் வையுங்கள்.

இருவரும் முதலில் ஒரே 50 பதிவை மட்டும் தனித்தனியாகப் பாருங்கள். அப்புறம் மறைப்பை எடுத்து ஒப்பிட்டால், விதியில் எந்த இடம் இருவருக்கும் வேறு வேறாக விளங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் திருத்திய பிறகே மிச்சம். உடன்பாட்டைச் சொல்லும்போது வெறும் வீதத்தைச் சொல்லாமல், தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் காட்டும் கப்பா பெறுமானத்தைக் கொடுங்கள். பெரும்பாலானவை தள்ளப்படும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருவரும் தள்ளினாலே 90 வீதம் ஒத்துப்போகும்.

கட்டுரைகளின் தரம் பார்க்க ஆர்.ஓ.பி. 2 என்ற பட்டியலை எடுக்க வேண்டாம், அது எழுமாற்றுப் பரிசோதனைகளுக்கானது. உங்களுடையது எத்தனை பேருக்கு இருக்கிறது என்ற கேள்வி. அதற்கு அடிலெய்டின் ஜே.பி.ஐ. நிறுவனம் ஒன்பது கேள்விப் பட்டியல் வைத்திருக்கிறது. கூட்டிக் கணக்குப் பார்க்க ஆர் என்ற புள்ளிவிபர மொழியில் 'மெட்டா', 'மெட்டாஃபோர்' என்ற இரண்டு பொதிகளும் இலவசம், 4 ஜிபியில் தாராளமாக ஓடும்.

அப்புறம், மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதியும் புரொஸ்பெரோ தளத்தில் பதிந்துவிட்டீர்களா? இல்லை என்றால் சலிக்கத் தொடங்கும் முன் பதியுங்கள். காசு கேட்பதில்லை.

மஸ்கெலியா_மழை | வெள்ளி, இரவு 9.15

பதியவில்லை சேர். இன்றைக்கே உட்காருகிறேன். மழையும் கொஞ்சம் விட்டிருக்கிறது.

மஸ்கெலியா_மழை | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, பிற்பகல் 3.20

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். நடந்தது இது.

இரட்டை 489 போய் 1,074 மிஞ்சியது. முதல் ஐம்பதில் எனக்கும் தங்கச்சிக்கும் 11 இடத்தில் தகராறு. அவள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றியதை எல்லாம் உள்ளே போட்டாள், நான் வெளியே தள்ளினேன். யார் சரி என்று போனில் அரை மணித்தியாலம் சண்டை. கடைசியில் விதியையே எழுதாமல் விட்டது என் பிழை என்று தெரிந்தது. திருத்திய பிறகு மிச்சம் முழுவதிலும் 38 தகராறுதான். ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக் கடையில் இருந்து அவ்வளவையும் தீர்த்தோம். கடைக்காரர் இரண்டாவது பிளேன்டீக்குக் காசு வாங்கவில்லை, ஏதோ கணக்குப் பரீட்சை என்று நினைத்தாராம்.

முழுக் கட்டுரை பார்க்க வேண்டியது 131. கடைசியில் சேர்ந்தது 34. மிஸ், அந்த 34இல் 15 கட்டுரையின் சுருக்கத்தில் 'எஸ்டேட்' என்ற சொல்லே இல்லை. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பண்டாரவளைத் தம்பி ஓட்டித் தந்த பட்டியலில் இரண்டு நாங்கள் அசதியில் தள்ளியவை. இரண்டையும் திரும்ப எடுத்தோம், ஒன்று அந்த 34இல் இருக்கிறது.

இன்னும் தீராதவை இரண்டு. தமிழ் அறிக்கைகள் மூன்று கிடைத்தன. பி.டி.எஃபில் தமிழாகத் தெரிகிறது, கொப்பி செய்து ஸொட்டெரோவில் போட்டால் ஆங்கில எழுத்தும் குறியுமாக வருகிறது. இன்னொன்று, நான்கு பழைய அறிக்கைகள் எங்குமே கிடைக்கவில்லை. அவற்றை என்ன செய்வது?

லிந்துலை_கொழுந்து | ஞாயிறு, பிற்பகல் 3.52

அது பாமினி எழுத்துரு. நம் நாட்டில் பழைய தமிழ்க் கோப்பு பாதி அதில்தான். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இணையப் பக்கங்கள் உண்டு, தலைப்பையும் சுருக்கத்தையும் ஒட்டி மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றியதைக் கண்ணால் ஒருமுறை வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதை சி.எஸ்.வி.யாகச் சேமிக்கும்போது யு.டி.எஃப். 8 என்று தெரிவு செய்யாவிட்டால் மறுபடி கேள்விக்குறியாகிவிடும்.

ஊவா_நூலகம் | ஞாயிறு, மாலை 5.06

பதினைந்தா! நான் ஏழெட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

கிடைக்காதவைக்கு 2020 பிரிஸ்மா படத்தில் தனிப் பெட்டியே இருக்கிறது, தேடியும் பெற முடியாத அறிக்கைகள் என்று. அதில் 4 என்று போடுங்கள். கிடைக்கவில்லை என்பதற்காகத் தள்ளியவையோடு சேர்த்துவிட வேண்டாம். ஆனால் போடுவதற்கு முன் அந்த நான்கின் தலைப்பையும் இங்கே எழுதுங்கள். தோட்டச் சுகாதாரம் பற்றிய பழைய தட்டச்சு அறிக்கைகள் கொஞ்சம் எங்கள் பின் அறை அலுமாரியில் இருக்கின்றன, பட்டியலில் ஏற்றாதவை.

மஸ்கெலியா_மழை | ஞாயிறு, மாலை 5.30

தனிமடலில் அனுப்பியிருக்கிறேன் மிஸ்.

ஊவா_நூலகம் | திங்கள், காலை 10.12

இரண்டாவது இருக்கிறது. முன் அட்டையைக் கறையான் தின்றிருக்கிறது, அட்டவணைகள் நன்றாக இருக்கின்றன. போனில் படம் எடுத்து அனுப்புகிறேன். பெட்டியில் 3 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.